1700ல் உலக உற்பத்தியில் 24 சதவீதம் இந்தியா: பேச்சுப் போட்டியில் இந்த எண்ணைச் சொல்லலாமா?

தமிழ் டீச்சர், தர்மபுரி

எல்லோருக்கும் வணக்கம். பள்ளியில் பேச்சுப் போட்டி வருகிறது. தலைப்பு, "ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவின் நிலை". பிள்ளைகள் எழுதிவரும் உரைகளைத் திருத்திக் கொடுப்பது என் பொறுப்பு. வந்ததில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்குகின்றன: "1700ஆம் ஆண்டில் உலகின் மொத்த உற்பத்தியில் 24 சதவீதம் இந்தியாவுடையது. வெள்ளையன் வெளியேறியபோது வெறும் 4 சதவீதம்." எங்கே படித்தாய் என்று கேட்டால் வாட்ஸ்அப், யூடியூப் என்கிறார்கள். நடுவராக வருபவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், குறுக்குக் கேள்வி கேட்காமல் விடமாட்டார். 1700ல் யார் உட்கார்ந்து உலக உற்பத்தியைக் கூட்டினார்கள் என்று அவர் கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? இந்த எண் எங்கிருந்து வந்தது, மேடையில் சொல்லலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜபாளையம் சிவா

இதில் சந்தேகமே வேண்டாம் டீச்சர். கணக்குப் போட்டவர் நம்ம ஆள்கூட இல்லை, ஆங்கஸ் மாடிசன் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர். வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2001ல் வெளியிட்ட அட்டவணை. இந்தியாவின் பங்கு 1700ல் 24.4 சதவீதம், 1820ல் 16, 1870ல் 12, 1913ல் 7.5, 1950ல் 4.2. பிரிட்டன் 1700ல் 3 சதவீதம்கூட இல்லை, 1870ல் 9 சதவீதம். அவர்கள் ஏறினார்கள், நாம் இறங்கினோம். தைரியமாகப் பேசச் சொல்லுங்கள்.

குடந்தை கணக்கர்

சிவா கொடுத்த எண்கள் சரி. மாடிசன் அப்படித்தான் போட்டிருக்கிறார். ஆனால் அந்த அட்டவணைக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு அட்டவணைகள் உண்டு. அவற்றை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. ஒன்று மக்கள்தொகை, இன்னொன்று தலைக்கு எவ்வளவு வருமானம் என்பது.

1700ல் உலக மக்கள்தொகை சுமார் 60 கோடி. அதில் இந்தியா, இன்றைய பாகிஸ்தான், வங்கதேசம் எல்லாம் சேர்த்து 16.5 கோடி என்கிறார். அதாவது உலகத்து ஜனங்களில் 27 சதவீதம் பேர் இங்கே. 27 சதவீதம் பேர் சேர்ந்து 24 சதவீதம் உற்பத்தி செய்திருந்தால், சராசரி இந்தியன் 1700லேயே உலக சராசரிக்குக் கீழே இருந்தான் என்று ஆகிறது. அவர் கணக்கில் 1990 விலையில் உலக சராசரி 615 டாலர், இந்தியா 550, பிரிட்டன் 1,250. பிள்ளை பெருமையாக 24 என்று சொல்லும், நடுவர் 27ஐ எடுத்துப் போடுவார். அங்கேயே பேச்சு படுத்துவிடும்.

இன்னும் ஒன்று. அந்த 550 எப்படி வந்தது என்று பாருங்கள். இந்தியாவுக்கு கி.பி. 1ல் 450 டாலர், கி.பி. 1000த்திலும் 450. அப்புறம் 1500ல் 550, 1600ல் 550, 1700ல் 550. நடுவே முகலாயர் வந்தார்கள், விஜயநகரம் வீழ்ந்தது, போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் கடற்கரையெல்லாம் கோட்டை கட்டினார்கள். இருநூறு வருடத்தில் ஒரு டாலர்கூட நகரவில்லையாம். யாரும் எண்ணிப் பார்த்து வந்த எண் இல்லை இது. உயிர் தரிக்கக் குறைந்தது 400 டாலர் வேண்டும், அதற்குச் சற்று மேலே வைப்போம் என்ற யூகம். கி.பி. 1ல் சீனாவுக்கும் அதே 450தான். அதை அன்றைய 7.5 கோடி மக்களால் பெருக்கிவிட்டு, "ஏசு பிறந்த காலத்தில் உலகத்தின் மூன்றில் ஒரு பங்கு செல்வம் இந்தியாவில்" என்று இன்னொரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தலைகளை எண்ணிவிட்டுச் செல்வத்தை எண்ணியதாகச் சொல்கிறார்கள்.

ராஜபாளையம் சிவா

ஆக, நாம் முன்னாடியே ஏழை, வெள்ளைக்காரன் ஒன்றும் எடுக்கவில்லை. அப்படித்தானே? இதைத்தான் லண்டனில் உட்கார்ந்துகொண்டு அவர்களும் சொல்கிறார்கள். அப்போ டாக்கா மஸ்லின் எங்கே போனது? நெசவாளி எங்கே போனான்?

குடந்தை கணக்கர்

அப்படி நான் சொல்லவே இல்லை சிவா. வழக்கு வலுவானது, நீங்கள் கூண்டில் ஏற்றிய சாட்சிதான் குறுக்கு விசாரணைக்குத் தாங்காது.

அதே மாடிசனின் பிந்திய வரிகளை எடுங்கள். தலைக்கு வருமானம் 1820ல் 533, 1870லும் 533, 1913ல் 673, 1950ல் 619. தண்டவாளம் போட்டார்கள், தந்தி போட்டார்கள், துறைமுகம் கட்டினார்கள். 130 வருடத்தில் சராசரி மனிதனுக்குச் சேர்ந்தது 86 டாலர். அதே காலத்தில் பிரிட்டன் 1,700லிருந்து 6,900க்குப் போய்விட்டது. பங்கு குறைந்ததற்கு மற்றவர்கள் வளர்ந்ததும் காரணம் என்று அவர்கள் சொல்லலாம். இந்தத் தேக்கத்துக்கு என்ன பதில் சொல்வார்கள்?

பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள் பிராட்பெரி, பிஷ்ணுப்ரியா குப்தா ஆகியோர் பின்னால் போட்ட கணக்கு இன்னும் கறார். அதன்படி 1600ல் இந்தியரின் சராசரி வருமானம் பிரிட்டனில் இருந்ததில் 60 சதவீதத்துக்கு மேல். 1871ல் 15 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு, உங்களுக்குப் பிடிக்காது: சரிவு கம்பெனி ஆட்சிக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

டீச்சர், என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்கு மாடிசனே வேண்டாம். தாதாபாய் நௌரோஜியைக் கொடுங்கள். இந்தியனுக்குத் தலைக்கு என்ன வருமானம் என்று முதலில் கணக்குப் போட்டு ஆட்சியாளர் முகத்துக்கு நேரே நீட்டியவர் அவர். 1867-68ஆம் ஆண்டுக்கு, மாகாணம் மாகாணமாக அரசாங்கமே அச்சிட்ட விளைச்சல் அறிக்கைகளை எடுத்துக் கூட்டினார். பிரிட்டிஷ் இந்தியாவின் மொத்த உற்பத்தி 34 கோடி பவுண்டு, மக்கள் 17 கோடி. தலைக்கு 2 பவுண்டு, அன்றைய மதிப்பில் 20 ரூபாய். ஒரு வருடத்துக்கு.

20 ரூபாய் என்று மட்டும் சொன்னால் அதிகமா குறைவா என்று யாருக்கும் தெரியாது. அங்கேதான் அவர் மூளை வேலை செய்தது. ஒரு மனிதன் உயிர் வாழ எவ்வளவு ஆகும் என்பதற்கும் அரசாங்கக் காகிதங்களையே எடுத்தார். கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்குப் பயணத்தின்போது, சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு, இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று அரசு வைத்த அளவு ஒன்று. சிறைக் கைதிக்குச் சோற்றுக்கும் துணிக்கும் ஆன செலவு இன்னொன்று. இடத்துக்கு இடம் விலை மாறும், ஆகவே வருடத்துக்கு 16லிருந்து 35 ரூபாய் வரை தேவை என்று வந்தது. பல மாகாணங்களில் வெளியே உழைக்கிறவனின் சராசரி வருமானம், உள்ளே இருக்கும் திருடனுக்கு ஆகும் செலவுக்கே எட்டவில்லை. 1876ல் பம்பாயில் இதை வாசித்தார். தன் எண் ஒன்றுகூட இல்லாமல், எதிராளியின் எண்களை வைத்தே எதிராளியைப் பிடித்த வேலை இது.

பழைய கெஜட்

கணக்கர் ஐயா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நௌரோஜி 20 என்றதும் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1882ல் நிதி உறுப்பினர் பேரிங்கும் பார்பரும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டு 27 ரூபாய் என்றார்கள். எப்படி வந்தது, விவரம் கொடுங்கள் என்று நௌரோஜி கேட்டார். கிடைக்கவில்லை. அவர் தன் கூட்டலை வரி வரியாக அச்சிட்டவர். இவர்கள் விடையை மட்டும் சொன்னார்கள். பிறகு வைஸ்ராய் கர்சன் 30 ரூபாய் என்று சொல்லி, பாருங்கள், ஏறியிருக்கிறது என்றார். வில்லியம் டிக்பி என்ற ஆங்கிலேயரே அதை மறுத்து, கர்சன் எண்ணில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வரும் என்று கணக்குக் காட்டினார்.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. 20, 27, 30 மூன்றும் வெவ்வேறு வருடத்து விலையில் உள்ளவை. விலைவாசியைக் கழிக்காமல் ஒன்றன்கீழ் ஒன்று எழுதி ஏறியது, இறங்கியது என்று பேசக்கூடாது. கர்சன் பேசினார், நாம் பேச வேண்டாம்.

விடுதலை வேங்கை

45 டிரில்லியன் டாலர் கொள்ளை!!! அதை ஏன் யாரும் பேசவில்லை? அதை வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள் டீச்சர், கைதட்டல் பறக்கும்.

குடந்தை கணக்கர்

கைதட்டல் பறக்கும், நடுவர் மதிப்பெண்ணும் சேர்ந்து பறக்கும். பொருளாதார அறிஞர் உத்சா பட்நாயக் போட்ட கணக்கு அது. 1765லிருந்து 1938 வரை வெளியே போனதை எடுத்து, அதற்கு 5 சதவீதக் கூட்டுவட்டி போட்டு 2016 வரை இழுத்தது. 5 சதவீதத்தில் ஒரு ரூபாய் இருநூறு வருடத்தில் 17,000 ரூபாய்க்கு மேல் ஆகும், கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 4 சதவீதம் போட்டால் அதே ஒரு ரூபாய் 2,500 சொச்சம்தான். ஆக, மொத்தத்தில் பெரும்பகுதி நாம் தேர்ந்தெடுத்த வட்டி.

அடியில் இருக்கும் விஷயம் உண்மையானது. இந்தியச் சரக்கை வாங்கிய பணமே இந்தியனிடம் வரியாக வசூலித்த பணம். வெளிநாட்டு வியாபாரி லண்டனில் தங்கமும் பவுனும் கட்டி, இந்தியாவில் ரூபாயாக மாற்றிக்கொள்ளும் கவுன்சில் பில் என்ற சீட்டை வாங்குவான், இங்கே அதற்கு வரிப் பணத்திலிருந்து ரூபாய் கொடுப்பார்கள். தங்கம் லண்டனிலேயே தங்கிவிடும். இதைப் புரியும்படி சொன்னால் போதும், டிரில்லியன் வேண்டாம்.

நெறியாளர்

45 டிரில்லியனுக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே தொடருங்கள். ஆச்சரியக்குறிகளையும் அங்கேயே கொண்டுபோங்கள்.

சேலம் பழனி

டீச்சர் தர்மபுரி என்பதால் சொல்கிறேன். உலகம், டாலர் எல்லாம் எதற்கு? உங்கள் ஊர் எண் இருக்கிறது. தர்மபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது.

1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்ட மக்கள்தொகை 19 லட்சத்து 67 ஆயிரம். 1881ல் 16 லட்சம். பத்து வருடத்தில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் குறைவு, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நடுவே வந்தது 1876-78 பஞ்சம், நம் பாட்டிகள் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே அது. 1891ல் எண்ணும்போதும் 19 லட்சத்து 63 ஆயிரத்துக்குத்தான் வந்து நின்றது. இருபது வருடம் கழித்தும் பழைய எண்ணைத் தொடவில்லை.

இப்போது சென்னை மாகாணம் முழுவதையும் எடுங்கள். 1871ல் 3 கோடியே 12 லட்சம், 1881ல் 3 கோடியே 8 லட்சம். குறைவு ஒன்றரை சதவீதம்கூட இல்லை. மாகாண எண்ணை மட்டும் பார்க்கிற ஒருவர், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை போல என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். தஞ்சாவூரில் காவிரி பாய்ந்தது, சேலத்தில் ஏரி வறண்டது, இரண்டையும் ஒரே குடத்தில் ஊற்றிச் சராசரி எடுத்தால் இப்படித்தான் வரும்.

அந்தப் பஞ்சத்திலேயே எண்ணை வைத்து ஒரு சண்டை நடந்தது, அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூட ஒரு அணா போதும் என்றார் ரிச்சர்டு டெம்பிள். செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ஆள். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார்: ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பு காய்கறியும் இல்லாமல் கடும் வேலை செய்யும் உடம்பு தாங்காது என்று. சென்னை அரசு பிறகு கொஞ்சம் கூட்டிக் கொடுத்தது. இந்தக் கார்னிஷ் யார் தெரியுமா? 1871ல் இந்த மாகாணத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் அவர்தான். தலையெண்ணிய மனிதரே, அந்தத் தலைகள் குறைவதை முகாம்களில் போய்ப் பார்த்தார்.

பதுளை மலைச்சாரல்

பழனி அண்ணா, நல்ல பதிவு. ஒன்றை மட்டும் சேர்க்க வேணும். குறைந்த மூன்றரை லட்சத்தையும் இறப்பு என்று பிள்ளைகள் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பஞ்ச ஆண்டுகளில் சேலம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கமிருந்து இலங்கைக்கு வந்தவர்களின் தொகை எகிறியது. அப்ப இங்க தேயிலை இல்லை, கோப்பித் தோட்டங்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து வந்த சனம். வழியில் செத்தவர்கள் இரண்டு நாட்டுக் கணக்கிலும் ஒழுங்காக இல்லை. பிறக்க வேண்டிய பிள்ளைகள் பிறக்காமல் போனதும் அந்தக் குறைவுக்குள் இருக்கு. எங்கட பெரியவர்களைக் கேட்டால் ஊர்ப் பேர் சொல்லுவினம், வருசம் சொல்ல மாட்டினம், "பஞ்சத்தில வந்தது" என்று மட்டும் சொல்லுவினம்.

சேலம் பழனி

உண்மை. கணக்கெடுப்பில் தெரிவது குறைவு மட்டும்தான், காரணம் தெரியாது. பிரிட்டிஷ் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேல் கூடுதல் சாவு என்று அரசின் பஞ்ச கமிஷனே 1880ல் ஒப்புக்கொண்டது. பின்னால் ஆராய்ந்தவர்கள் சுதேச சமஸ்தானங்களையும் சேர்த்து அதைவிட நிறையச் சொல்கிறார்கள். மேடைக்கு, அரசே ஒப்புக்கொண்டது என்ற எண் போதும். யாரும் மறுக்க முடியாது.

1943 வங்கப் பஞ்சத்துக்கும் இதே கதை. அரசு விசாரணைக் குழு 15 லட்சம் என்றது, அமர்த்தியா சென் போட்ட கணக்கு சுமார் 30 லட்சம். எந்த எண்ணைச் சொன்னாலும் யாருடைய எண் என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை.

தமிழ் டீச்சர், தர்மபுரி

எல்லோருக்கும் நன்றி. சேலம் எண்ணைப் படித்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அப்போ எங்க ஊரும் அந்தக் கணக்குல இருக்கா மிஸ்?" என்றாள். 24 சதவீதத்தைக் கேட்டபோது யாரும் இப்படிக் கேட்டதில்லை.

இன்னொரு சந்தேகம். ஒரு பையன், ஆங்கிலேயர் வருவதற்கு முன் சென்னை மாகாணத்தில் எல்லோருக்கும் கல்வி இருந்தது, ஊருக்கு ஊர் பள்ளி இருந்தது, மன்றோவே சொன்னார் என்று எழுதியிருக்கிறான். சரியா?

பழைய கெஜட்

பாதி சரி. கவர்னர் தாமஸ் மன்றோ 1822ல் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826 மார்ச்சில் அதைத் தொகுத்து எழுதினார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மாகாண மக்கள்தொகை 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற வாக்கியம் இங்கிருந்துதான் கிளம்பியது. தரம்பால் 1983ல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு பரவலானது. தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பான்மை பிராமணரல்லாத பிள்ளைகள் என்பதும் அதில் இருக்கிறது. பலருக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அதே தாளில் இருக்கும் மற்ற எண்களையும் பையனைப் படிக்கச் சொல்லுங்கள். 67 பேருக்கு ஒருவர்தான் பள்ளியில் படிக்கிறார் என்று மன்றோவே கணக்கிடுகிறார். வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் பள்ளி வயது ஆண் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு வரலாம் என்பது அவர் மதிப்பீடு. இங்கிலாந்தைவிடக் குறைவு, ஆனால் சிறிது காலத்துக்கு முன்புவரை ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இருந்ததைவிட மேல் என்றும் எழுதுகிறார். நேர்மையான வாக்கியம், இரண்டு பக்கமும் வெட்டும். பெருமை பேசுகிறவர்கள் பின்பாதியை எடுத்துக்கொள்கிறார்கள், இகழ்கிறவர்கள் முன்பாதியை.

எல்லோருக்கும் கல்வி என்பதற்கு வருவோம். அந்த 1,88,650ல் ஆண்கள் 1,84,110. பெண்கள் 4,540.

நூலகர் மணிமேகலை

அந்த 4,540ஐப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். பெண் பிள்ளைகள் பேசும் மேடை என்றால் அந்த வரிசையை அப்படியே நீட்டலாம் டீச்சர். 1901 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் எழுத்தறிந்த பெண்கள் 0.6 சதவீதம், ஆயிரத்துக்கு ஆறு பேர். 1951ல், அவர்கள் போய் நாலு வருடத்தில் எண்ணியபோது, 8.86 சதவீதம். ஆண் பெண் சேர்த்து 18.33. எழுத்தறிவு என்பதன் வரையறையும் நடுவில் மாறியது: 1901ல் எல்லா வயதினரையும் சேர்த்து விகிதம் எடுத்தார்கள், 1951 எண் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அது மாற்றிவிடாது.

வறுமைக்கோட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. 1993-94ல் 36 சதவீத ஏழைகள் என்று இருந்ததை, வறுமைக்கோட்டைத் திருத்தி அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறை 45.3 ஆக்கியது. அதே வருடம், அதே ஜனம். யாராவது சுதந்திரத்துக்குப் பிந்தைய வறுமையைப் பேசினால் எந்த முறை என்று சொல்லாமல் பேச விடாதீர்கள்.

ராஜபாளையம் சிவா

எல்லாம் சரி. ஆனால் மேடையில் ஐந்து நிமிடம்தான் கொடுப்பார்கள். "மாடிசன் கணக்கு ஒரு யூகம், பிராட்பெரி அப்படிச் சொல்கிறார், வரையறை மாறியது" என்று பிள்ளை இழுத்தால் கூட்டம் எழுந்து டீ குடிக்கப் போய்விடும். 24 ஒரு எண், மனதில் நிற்கும். நான் பேசினால் இன்னும் 24ஐத்தான் சொல்வேன்.

குடந்தை கணக்கர்

சிறைக் கைதிக்கு ஆகிற செலவு உழைப்பாளிக்குக் கிடைக்கவில்லை என்பது மனதில் நிற்காதா சிவா? ஒரு பவுண்டு தானியத்துக்கு நாள் முழுக்க மண் சுமந்தது நிற்காதா? அதைச் சொல்ல ஐந்து நிமிடம் தாராளம்.

தமிழ் டீச்சர், தர்மபுரி

சிவா சார் சொல்வதும் புரிகிறது, போட்டி என்று வந்தால் கைதட்டலும் வேண்டும்தான். அந்தப் பெண் நௌரோஜியையும் சேலத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். இன்னொருவன் 24ஐ விடமாட்டேன் என்கிறான், 27ஐயும் சேர்த்துச் சொல் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழனி சார், தர்மபுரி தாலுகா அளவில் அந்தப் பஞ்ச வருட எண்கள் கிடைக்குமா? அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

சேலம் பழனி

லெ ஃபானு எழுதி 1883ல் வந்த சேலம் மாவட்டக் கையேட்டைத் தேடுங்கள், இணையத்தில் ஸ்கேன் பிரதி கிடைக்கும். தாலுகா தாலுகாவாகப் பிரித்து எழுதியிருப்பார். ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் கன்னாபின்னாவென்று இருக்கும், உரக்கப் படித்தால்தான் எந்த ஊர் என்று பிடிபடும். அன்றைய சேலத்தில் திருப்பத்தூரும் கிருஷ்ணகிரியும் நாமக்கல்லும் அடக்கம் என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இன்றைய எல்லையோடு ஒப்பிட்டுக் குழம்பிவிடுவாள். பக்கம் கிடைக்கவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள் டீச்சர், எடுத்து அனுப்புகிறேன்.